கோமதி கேஸும் கேன்டீன் தீர்ப்பும்!

'எங்க ஊர்ப் பொண்ணு தப்பே பண்ணியிருக்காது' கட்சியா நீங்க? இல்ல, 'டெஸ்ட்ல மாட்டினா மாட்டினதுதான்' கட்சியா?

கோமதி மாரிமுத்து! இந்தப் பேரை உங்க கேன்டீன்ல சும்மா ஒரு தடவை சொல்லிப் பாருங்க. அடுத்த நிமிஷமே கேங் ரெண்டா உடையும். அண்ணா ஸ்டேடியத்துல டெய்லி ஓடற பசங்க நடுவுல சொன்னீங்கன்னா, மூணா உடையும். அந்த மூணாவது கட்சி, 'மொதல்ல அதிகாரிங்களைக் கேளுங்க பாஸ்' கட்சி!

யார் பக்கம் நியாயம்? அதுக்கு முன்னாடி கதையைக் கொஞ்சம் ரீவைண்ட் பண்ணிக்கலாம்.

தோஹாவில் ஒரு தங்கம்

2019 ஏப்ரல் 22. கத்தார் தலைநகர் தோஹாவில் ஆசிய தடகளப் போட்டி. பெண்கள் 800 மீட்டர் ஃபைனல். கடைசி நேரத்துல சீன வீராங்கனை வாங் சுன்யுவை முந்தி, 2 நிமிஷம் 2.70 விநாடியில கோட்டைத் தொட்டார் கோமதி. வயசு 30. திருச்சி பக்கத்துல முடிகண்டம் கிராமம். விவசாயக் கூலிக் குடும்பம். விடியறதுக்கு முன்னாடி எழுந்து டவுனுக்கு வந்து ஓடிப் பழகினவர். ஊரே கொண்டாடுச்சு. கட்சிகள் லட்சக்கணக்குல பரிசு அறிவிச்சாங்க. அவரோட கால்ல இருந்த ரெண்டு கலர் ஷூ பத்திக்கூட விவாதம் நடந்தது!

ஒரு மாசம்கூட ஆகலை. மே 17-ம் தேதி தற்காலிகத் தடை. நாண்ட்ரலோன்கற ஸ்டீராய்டு உடம்புக்குள்ள போனதுக்கான அடையாளம், ஒண்ணுக்கு மேற்பட்ட சாம்பிள்கள்ல இருக்குன்னு சொன்னாங்க. 'என் வாழ்க்கையில தடை செய்யப்பட்ட எதையும் எடுத்ததே இல்லை' என்பதுதான் கோமதியோட பதில். 'பி' சாம்பிளும் எதிராவே வந்தது. விசாரணை முடிஞ்சு 2020-ல தீர்ப்பு. நாலு வருஷத் தடை, 2023 மே 16 வரைக்கும். தங்கமும் போச்சு. அது வாங் சுன்யுவுக்குக் கைமாறிடுச்சு.

இப்ப வாங்க, கட்சிக்காரங்களோட வாதத்துக்கு!

கட்சி 1: 'தெரியாம நடந்திருக்கும்!'

நியாயமான வாதம். ஆனா ஊக்கமருந்து சட்டத்துல இது மட்டும் எடுபடாது. உடம்புல மருந்து இருந்தா, அது எப்படி வந்ததுன்னு விளக்க வேண்டியது வீரரோட பொறுப்பு. போலீஸ் கேஸ்ல குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. இங்கே ஸ்டீராய்டு கேஸ்ல 'நான் வேணும்னு செய்யலை'ன்னு நிரூபிக்க வேண்டியது நீங்க! தலைகீழ் கணக்கு.

2016-ல மல்யுத்த வீரர் நர்சிங் யாதவ் கேஸ் ஞாபகம் இருக்கா? 'யாரோ என் சாப்பாட்டுல கலந்துட்டாங்க'ன்னார். நம்ம 'நாடா' அதை ஏத்துக்கிட்டு விடுவிச்சது. ரியோ ஒலிம்பிக்குக்கே போயிட்டார். அங்கே உலக அமைப்பான 'வாடா' விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துல அப்பீல் போட்டது. களத்துல இறங்கறதுக்கு முந்தின நாள், ஆகஸ்ட் 18-ம் தேதி, நாலு வருஷத் தடை! அப்பீல்ங்கறது வீரருக்கு மட்டுமான ஆயுதம் இல்லை மக்களே. எதிர்த்தரப்புக்கும் அது உண்டு.

கட்சி 2: 'மாட்டினா அவ்ளோதான்!'

இவங்களுக்கும் ஒரு கேள்வி. அப்ப அப்பீல்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?

டென்னிஸ் ஸ்டார் மரியா ஷரபோவாவுக்கு 2016-ல ரெண்டு வருஷத் தடை. அவரும் அதே நடுவர் நீதிமன்றத்துக்குப் போனார். 15 மாசமாக் குறைஞ்சது. 'மருந்து இல்லை'ன்னு அவர் வாதாடலை. 'இவ்வளவு பெரிய தண்டனை தேவையா?'ன்னு வாதாடினார்.

ஐ.பி.எல். பிரியர்களுக்குத் தெரிஞ்ச கேஸ், ஸ்ரீசாந்த். 2013-ல ஸ்பாட் ஃபிக்ஸிங் புகார்ல கிரிக்கெட் வாரியம் ஆயுள் தடை போட்டது. 2017-ல கேரள ஹைகோர்ட்டின் தனி நீதிபதி தடையை நீக்கினார். ரெண்டே மாசத்துல அதே கோர்ட்டின் டிவிஷன் பெஞ்ச் திரும்பப் போட்டது! 2019 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட், 'தண்டனையோட அளவை மறுபடி யோசிங்க'ன்னு வாரியத்துக்கே அனுப்புச்சு. கடைசியில ஏழு வருஷமாக் குறைஞ்சு, 2020 செப்டம்பர்ல முடிஞ்சது. கவனிங்க... 'தப்பே பண்ணலை'ன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லலை. தப்புக்கும் தண்டனைக்கும் பொருத்தம் இருக்கணும்னுதான் சொன்னது. ஆனா ஜெயிச்சும் என்ன? கேரளா டீமுக்கு ஆட வந்தப்போ அவருக்கு 37 வயசு. ஃபாஸ்ட் பௌலருக்கு அது ரிட்டயர்மென்ட் வயசு!

கட்சி 3: 'அதிகாரிங்களைக் கேளுங்க!'

இந்தக் கட்சியோட பாயின்ட்டுதான் நம்மளை யோசிக்க வைக்குது. கோமதியோட ரிசல்ட்கள் மார்ச் 18-ல இருந்தே ரத்து. அன்னிக்குத்தான் பாட்டியாலாவில் ஃபெடரேஷன் கோப்பை நடந்தது. தோஹா ஓட்டம் ஏப்ரல் 22. நடுவுல ஒரு மாசத்துக்கு மேல டைம். அந்த சாம்பிளோட முடிவு அதுக்குள்ள கைக்கு வந்திருந்தா, தங்கத்தைக் கொடுத்துட்டுப் பிடுங்கற கொடுமை நடந்திருக்குமா?

இன்னொரு தோஹா கதையும் இருக்கு. 2006 ஆசிய விளையாட்டு. அதே 800 மீட்டர். நம்ம பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டையின் கத்தக்குறிச்சியில இருந்து போன சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி ஜெயிச்சார். ஆனா அது ஊக்கமருந்து கேஸ் இல்லை. பாலினப் பரிசோதனைன்னு சொல்லி மெடலைப் பறிச்சாங்க. அவருக்காக எந்த அமைப்பும் சர்வதேச நடுவர் நீதிமன்றத்துல வழக்கு போடலை.

எட்டு வருஷம் கழிச்சு, 2014-ல ஒடிஷாவின் டூட்டி சந்துக்கு கிட்டத்தட்ட அதே சிக்கல். இந்த முறை இந்திய விளையாட்டு ஆணையம் பக்கத்துல நின்னது. கனடா வக்கீல்கள் ஃபீஸ் வாங்காம வாதாடினாங்க. 2015 ஜூலையில அந்த விதியையே நடுவர் நீதிமன்றம் நிறுத்தி வெச்சது. டூட்டி மறுபடி ஓடினார். கூட ஆள் நின்னா ஒருத்தர் டிராக்குக்குத் திரும்பறார். நிக்கலைன்னா ஊருக்குத் திரும்பறார்!

அப்பீல்னா சும்மா இல்லை. அந்த நீதிமன்றம் இருக்கறது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துல. முறையிட சில வாரங்கள்தான் அவகாசம். ஃபீஸ், வக்கீல், ஆய்வக நிபுணர்... ஷரபோவாவால முடியும். ஸ்பைக்ஸ் வாங்கவே கடன் வாங்கற நம்ம ஊர் அத்லெட்டால முடியுமா?

ஓடறவங்களுக்கு மட்டும் நாலு வரி

கேன்டீன்ல வாதாடறவங்க இதை ஸ்கிப் பண்ணலாம். யூனிவர்சிட்டி மீட், ஸ்டேட் மீட்னு கனவு வெச்சிருக்கறவங்க கட் பண்ணி ஹாஸ்டல் சுவத்துல ஒட்டிக்குங்க.

* ஜிம் அண்ணன் கொடுக்கற பவுடர், கோச் கொடுக்கற மாத்திரை... எதுவா இருந்தாலும் உள்ளே போனா பொறுப்பு உங்களுது. டப்பா, பில் ரெண்டையும் பத்திரமா வைங்க.

* தடை மருந்துகளோட லிஸ்ட் ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் புதுசா அமலுக்கு வரும். போன வருஷம் ஓகேன்னா இந்த வருஷமும் ஓகேன்னு அர்த்தம் இல்லை. ஷரபோவா மாட்டினதே அப்படித்தான்!

* சாம்பிள் கொடுக்கும்போது ஒரு ஃபார்ம் தருவாங்க. சமீபத்துல சாப்பிட்ட மருந்து எல்லாத்தையும் எழுதுங்க. படிக்காம கையெழுத்துப் போடாதீங்க.

* 'ஏ' சாம்பிள் பாசிட்டிவ்னா, 'பி' சாம்பிளைத் திறந்து பார்க்கச் சொல்ற உரிமை உங்களுக்கு உண்டு. திறக்கும்போது நீங்களோ உங்க ஆளோ கூட இருக்கலாம்.

சரி... தீர்ப்பு?

மூணு கட்சியும் பாதிப் பாதி சரின்னுதான் தோணுது. சாம்பிள் சொன்னதை 'நம்ம ஊர்ப் பொண்ணு'ங்கற பாசத்துக்காக ஒதுக்க முடியாது. சுத்தமா ஓடி இரண்டாவதா வந்த வாங் சுன்யுவுக்கும் ஒரு ஊர் இருக்குமே! அதே சமயம், ஜெயிச்சப்போ மாலையோட ஓடி வந்த கூட்டம், நோட்டீஸ் வந்தப்போ எங்கே போச்சு? தப்பு பண்ணினவருக்கும் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வக்கீல் வேணும். பண்ணாதவருக்கு ரொம்பவே வேணும்.

2022-ல நம்ம நாட்டுல தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டமே வந்தாச்சு. விசாரணைக் குழு, அப்பீல் குழு ரெண்டும் அதுல உண்டு. திருச்சியில லா காலேஜ் இருக்கு. ஃபார்மஸி காலேஜ் இருக்கு. ஸ்டேடியமும் இருக்கு. மூணையும் சேர்த்து ஒரு இலவச உதவி மையம் ஆரம்பிக்க எத்தனை பேர் வேணும்?

அடுத்த தடவை கேன்டீன்ல இந்த விவாதம் கிளம்பும்போது, 'யார் சரி?'ன்னு கேட்கறதோட நிறுத்தாதீங்க. 'நாளைக்கு நம்ம காலேஜ் பொண்ணுக்கு நோட்டீஸ் வந்தா யார் கூடப் போறது?'ன்னும் கேளுங்க. கை தூக்கறவங்க பேரை அப்பவே எழுதி வெச்சுக்குங்க!