தெருநாய் வழக்கில் மறக்கப்பட்ட வீட்டு வாசல்

புதுதில்லி: தலைநகரின் தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டில் அடுத்தடுத்து மூன்று உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஆகஸ்ட் 11 அன்று இருவர் அமர்வு, தில்லியிலும் சுற்றுப்புற நகரங்களிலும் நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூவர் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தபின், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றைப் பிடித்த பகுதியிலேயே விடவேண்டும் என்றது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றில் பிடிபடும் நாய்களை மீண்டும் அங்கு விடக்கூடாது என்றது நவம்பர் 7ஆம் தேதி உத்தரவு.

இத்தனை வாதங்களுக்கிடையே அதிகம் பேசப்படாதவர் ஒருவர் உண்டு: வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர்.

பிரச்சனை சிறியதல்ல. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் தெருநாய்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். 2024இல் 37 லட்சத்துக்கும் அதிகமான நாய்க்கடிகள் பதிவானதாகவும், வெறிநாய்க்கடியால் நேர்ந்ததாகச் சந்தேகிக்கப்படும் மரணங்கள் 54 என்றும் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2023 மார்ச்சில் வெளியான விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் பொறுப்பைத் தெளிவாகவே பிரித்துள்ளன. தெருநாய்க்கு உள்ளாட்சி அமைப்பு; வளர்ப்புப் பிராணிக்கு உரிமையாளர். தடுப்பூசி மட்டுமல்ல, கருத்தடையும் அவர் பொறுப்பே. ஆனால் தெருநாயைத் தேடி மாநகராட்சி வண்டி வருவதுபோல் வீட்டு நாயை விசாரிக்க எவரும் வருவதில்லை.

பெண் நாய் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பருவமடைகிறது. சினைக்காலம் சுமார் 63 நாள். பூனையோ ஆறு மாதம் நிறையுமுன்பே சினைப்படக்கூடும். ஓராண்டில் பலமுறை ஈனும். கதவு திறந்திருந்த ஒரு மாலைப்பொழுது போதும். பிறந்த குட்டிகளில் ஆண் குட்டிகளை அக்கம்பக்கத்தார் எடுத்துக்கொள்வர். கேட்பாரற்ற பெண் குட்டிகள் சந்தை ஓரத்தில் விடப்படும். மாநகராட்சி ஒருபுறம் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்க, மறுபுறம் தெரு நிரம்புவது இப்படித்தான்.

ஒருமுறையாவது ஈன்றால்தான் பெண் நாய்க்கு நலம் என்னும் நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரமில்லை. உண்மை நேர்மாறானது. கருப்பையில் சீழ் கட்டி உயிரைப் பறிக்கும் நோய், கருத்தடை செய்யாத, வயதேறிய பெண் நாய்களில் சாதாரணமாகக் காணப்படுவது. முதல் பருவத்துக்கு முன்பே அறுவை சிகிச்சை செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறைகிறது. ஆண் விலங்குகள் இணை தேடி அலைவதும் குறையும். எனினும் மூர்க்கம் அதனாலேயே அடங்கிவிடும் என்று கொள்ளலாகாது. பேரின நாய்களுக்கு மிக இளவயதில் செய்தால் மூட்டுக் கோளாறு வரலாம் என்பதால் காலத்தைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 இன நாய்களுக்குத் தடை கோரி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியபோது, ஏற்கெனவே வளர்க்கப்படும் அவ்வின நாய்களுக்குக் கருத்தடை செய்யவும் கூறியது. உரியவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இனத்தைப் பார்த்துத் தொடங்கிய கோளாறு அது.

தில்லி மாநகராட்சிச் சட்டத்தின் 399ஆம் பிரிவு 1957 முதலே வளர்ப்பு நாய்ப் பதிவுக்கு வழி செய்கிறது. பக்கத்து நொய்டா ஒருபடி மேலே சென்றது: கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் கட்டாயம் என்றும், தவறினால் 2023 மார்ச் முதல் மாதம் 2,000 ரூபாய் அபராதம் என்றும் அதன் நிர்வாகம் 2022 நவம்பரில் அறிவித்தது. இனம் எதுவென்று அது கேட்கவில்லை.