தாடி ஓணானின் காயமும் வெப்பமும்

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலங்களைத் தாயகமாகக் கொண்டு, இன்று இந்திய நகரங்களிலும் செல்லப்பிராணியாகிவிட்ட ‘பியர்டட் டிராகன்’ என்னும் தாடி ஓணான், உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத குளிர் இரத்தப் பிராணியாதலால், அதன் காயம் ஆறுவது மருந்தைப் போலவே சூழலின் வெப்பத்தையும் சார்ந்திருக்கிறது. புனேயில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும்போது, வெப்பமூட்டப்படாத கூண்டில் இருக்கும் ஓணானின் நோய் எதிர்ப்பாற்றல் மந்தமாகி, சிறு கீறலும் சீழ்க்கட்டியாகிவிடக்கூடும்; ஊர்வனவற்றின் சீழ் தயிர்க்கட்டிபோல் இறுகிவிடுவதால், பெரும்பாலும் அதை அறுத்தே அகற்ற வேண்டியிருக்கிறது.

ஆகவே காயம் கண்டவுடன், கூண்டிலுள்ள மணலை அகற்றித் தாள் விரித்து, ஓணான் வெப்பம் காயும் இடத்தில் ஏறத்தாழ 40 டிகிரி நிலவச் செய்து, புண்ணைச் சலைன் நீரால் கழுவி, நீர்த்த போவிடோன் அயோடின் இட்டு, ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மனிதர்க்கான வலிநிவாரணிகளைத் தருவது பெருந்தவறு. தின்னாமல் எஞ்சிய உயிருள்ள சில்வண்டுகள் புண்ணைக் கடிக்கும் என்பதால் அவற்றையும் உடனே அகற்றவேண்டும்.

பின்னுடலின் இரத்தம் சிறுநீரகங்களின் வழியே செல்லக்கூடிய அமைப்பு ஊர்வனவற்றுக்கு இருப்பதால், ஊசி மருந்து உடலெங்கும் பரவுமுன் சிறுநீரகங்களை அடைந்துவிடாதிருக்க, அதை மருத்துவர்கள் பெரும்பாலும் முன்னுடலிலேயே செலுத்துகின்றனர். வீட்டுப் பல்லிக்கு வளர்வதுபோல் தாடி ஓணானுக்கு அறுந்த வால் மீண்டும் வளராது. எலும்பு முறிவோ பல சமயங்களில் விபத்தால் மட்டும் நேர்வதன்று. கண்ணாடிச் சன்னல் புற ஊதா ‘பி’ கதிரைத் தடுத்துவிட, வைட்டமின் டி குன்றிச் சுண்ணாம்புச் சத்து சேராமல் எலும்பு மென்மையாகிவிடுவதே அதன் மூலகாரணமாக இருக்கிறது.