சீட்டு எடுத்தால் வட்டி எவ்வளவு?

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் என்று தமிழர்கள் கூடி வாழும் இடங்களில் ஏலச் சீட்டு இல்லாத தெரு அரிது. மராத்தியர் இதையே ‘பிஷி’ என்பர். டெல்லிப் பக்கம் ‘கமிட்டி’ என்பார்கள். பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றே.

சீட்டைக் குறை சொல்வது எளிது. ஆனால் ஊரை விட்டு வந்து இறங்கியவருக்கு முகவரிச் சான்று கிடையாது. வங்கியில் கணக்குத் தொடங்க அறிமுகக் கையெழுத்துப் போட ஆளும் கிடையாது என்றிருந்த காலத்தில் சீட்டுதான் அவருக்கு வங்கி. தங்கை கல்யாணம், ஊரில் வீட்டுக்கு ஓடு, பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அதில்தான் நடந்தன. 2014-ல் ஜன்தன் கணக்குகள் வந்த பின்னும் சீட்டு மறையவில்லை.

சீட்டை எடுத்துக்கொண்டு வருபவரை நிறுத்தி, “என்ன வட்டி விழுந்தது?” என்று கேட்டால், “சீட்டுக்கு ஏது வட்டி?” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கோளாறு அங்கேதான் இருக்கிறது. தனிவட்டியும் கூட்டுவட்டியும் படித்துத் தேறி, ஆபீசில் லட்சக்கணக்கில் பேரேடு எழுதும் குமாஸ்தாக்கள்கூட இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

25 ஆயிரம் தள்ளியவர்

மாதம் 5,000 ரூபாய். 20 பேர், 20 மாதம். சீட்டுத் தொகை 1 லட்சம். முதல் சீட்டை நடத்துபவர் எடுத்துக்கொள்கிறார். இரண்டாம் மாதம் அவசரத் தேவை உள்ள ஒருவர் 25,000 தள்ளி, 75,000-க்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். தள்ளிய பணத்தில் நடத்துபவருக்குக் கமிஷன் 5,000. மீதி 20,000 ஆளுக்கு 1,000 வீதம் கழிவாகத் திரும்புகிறது. ஆகவே அந்த மாதம் அவர் கட்டுவது 4,000. பிந்திய மாதங்களில் தள்ளு குறைந்துகொண்டே போகும். கழிவு சராசரியாக 500 என்றால், பாக்கி 18 மாதமும் 4,500 வீதம் கட்டவேண்டும்.

கையில் வந்தது 75,000. அதுவரை கட்டிய 9,000-ஐக் கழித்தால், உண்மையில் வாங்கிய கடன் 66,000. இனிக் கட்டப்போவது 81,000. அதிகப்படி 15,000.

“18 மாதத்துக்கு 15,000 தானே, பரவாயில்லை” என்று தோன்றும். ஆனால் அந்த 66,000 முழுதும் 18 மாதம் அவரிடம் இருக்கவில்லை. மாதாமாதம் தவணை கட்டக் கட்ட கடன் கரைகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதிக்குச் சற்று மேலாக, சுமார் 37,000 ரூபாய்தான் அவரிடம் நின்றது. அதற்கு மாதம் 833 ரூபாய் போகிறது. நூற்றுக்கு இரண்டேகால் வட்டி. ஆண்டுக்கு 27 சதவீதம்!

கடைசி வரை காத்திருந்து எடுப்பவரின் கதை வேறு. அவர் மொத்தம் கட்டியது 90,000. கமிஷன் போக வாங்குவது 95,000. ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சதவீதம் கிடைக்கிறது. அஞ்சலகத் தொடர் வைப்பிலும் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். அங்கே பணம் போட்டவர், நடத்துபவர் ஊரில் இருக்கிறாரா என்று மாதாமாதம் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

தண்டலும் இதே கணக்குதான்

10,000 ரூபாய்த் தண்டலில் 1,000 பிடித்துக்கொண்டு 9,000 தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்டவேண்டும். பெட்டிக்கடைக்காரருக்கு இது பத்து சதவீதம் போலத் தெரிகிறது. ஆனால் இதிலும் கடன் தினம் தினம் கரைகிறது. கணக்குப் போட்டால் மாதம் நூற்றுக்கு ஆறு ரூபாய்க்கு மேல் விழுகிறது.

இரண்டேகால் வட்டி நல்லதா, கெட்டதா என்பது எதற்காக எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. பத்து வட்டிக் கடனில் சிக்கியவர் முதலிலேயே சீட்டைத் தள்ளி எடுத்து அதை அடைத்தால் புத்திசாலி. வீட்டில் நகை இருக்கிறது என்றால், வங்கியில் அதை அடகு வைத்து மாதம் ஒரு வட்டிக்கும் குறைவாகவே பணம் பெறலாம். நகையைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுச் சீட்டில் 25,000 தள்ளுவது வீண். பக்கத்து வீட்டுக்காரர் ஏலத்தை ஏற்றுகிறார் என்று வீம்புக்குக் கூவுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு எந்தக் கணக்கும் உதவாது.

பதிவு உண்டா?

வட்டியைவிடப் பெரிய ஆபத்து, முதலே போவது. 1982-ம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, மாநில அரசின் முன் அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டுத் தொடங்கக் கூடாது. நடத்துபவர் சீட்டுத் தொகைக்குச் சமமான பிணையம் கட்டவேண்டும். ஒப்பந்த நகல் ஒவ்வொரு உறுப்பினருக்கும் தரவேண்டும். ஏல நடவடிக்கைகளைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும். கமிஷனுக்கு 5 சதவீதம் என்றிருந்த உச்சவரம்பு 2019-ல் வந்த திருத்தத்தால் 7 ஆயிற்று. தகராறு வந்தால் சீட்டுப் பதிவாளரிடம் போகலாம்.

வெளி மாநிலத்தில் நடக்கும் சீட்டுகள் பல, “நம்ம ஊர்க்காரர், சொந்தக்காரர் மாதிரி” என்ற ஒரே நம்பிக்கையில் ஓடுகின்றன. பத்து வருஷம் ஒழுங்காக நடத்தியவரே ஒருநாள் அறையைக் காலி செய்துவிட்டு ரயிலேறினால், ஏமாந்தவர்கள் கையில் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதிய தேதிகள்தான். புகார் கொடுப்பது மும்பையிலா, திருநெல்வேலியிலா என்பதே அவர்களுக்குப் பெரிய குழப்பம்.

வங்கி முறிந்தால்கூட, ஒருவரின் வைப்புத் தொகைக்கு அந்த வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட வரம்பு அது. சீட்டுப் பணத்துக்கு, பதிவு பெற்ற சீட்டானாலும், அந்தக் காப்பீடு கிடையாது.