பாம்பு பிடிக்கும் பையன் ‘ஹீரோ’ ஆன கதை! கிண்டி பாம்புப் பண்ணைக்கு வந்தவர் குழந்தை எழுத்தாளர் ஆனார்

வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. திடீரென்று உள்ளே ஒரு பாம்பு! பிள்ளைகள் அலறுகிறார்கள். பாம்பென்றால் படையும் நடுங்கும், பள்ளிக்கூடம் எம்மாத்திரம்? ஒரே ஒரு பையன் மட்டும் பதற்றமில்லாமல் எழுந்து போகிறான். லபக்கென்று பாம்பைப் பிடித்துவிடுகிறான்!

பையன் பெயர் காளி. இருளர் வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்குப் பாம்பு பிடிப்பதுதான் தொழில். ஈசலை வறுத்துத் தின்பவன் என்று கேலி செய்து அதுவரை அவனோடு யாரும் சேரவில்லை. அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று சொல்லவே அவனுக்குக் கூச்சம். பாம்பு பிடிபட்ட அன்றைக்கு அவன்தான் வகுப்புக்கே ராஜா!

இது போலீஸ் ஸ்டேஷனிலோ தீயணைப்பு நிலையத்திலோ பதிவான சம்பவம் அல்ல. கதை. சென்னையில் உள்ள தூலிகா பதிப்பகம் 2000-ம் ஆண்டு வெளியிட்ட ‘காளி அண்டு தி ராட் ஸ்னேக்’ என்ற சிறுவர் புத்தகம். எழுதியவர் ஜை விட்டேக்கர். கதை கற்பனைதான். ஆனால் காளியும் அவன் அப்பாவும் இவர் மேஜையில் உட்கார்ந்து கற்பனை செய்த ஆட்கள் அல்ல. கிண்டியிலும் மாமல்லபுரம் சாலையிலும் இவர் பல வருஷம் பழகிய ஜனங்கள்தான் இந்தக் கதைக்குள் வந்திருக்கிறார்கள்.

பறவைக் குடும்பத்துப் பெண்

ஜை பம்பாய்க்காரர். அப்பா ஜாபர் புதேஅலி பெயர் பெற்ற பறவை ஆர்வலர். பறவை பார்ப்பவர்களுக்கென்றே ஒரு செய்தி மடலைப் பல ஆண்டுகள் நடத்தியவர். அம்மா லயீக் எழுத்தாளர். பறவை விஞ்ஞானி சாலிம் அலி (1896–1987) இவர்களுக்கு நெருங்கிய சொந்தம். மற்ற வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் சினிமா பேசுவார்கள். இந்த வீட்டில் காக்கை குருவி பேச்சு! பின்னாளில் சாலிம் அலி வாழ்க்கையைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே ஜை ஒரு புத்தகமாக எழுதினார்.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணைச் சென்னைக்கு இழுத்து வந்தது பாம்பு.

ரோமுலஸ் விட்டேக்கர் என்ற அமெரிக்கர், சின்ன வயதிலேயே இந்தியாவுக்கு வந்து பாம்புப் பைத்தியமாகத் திரிந்தவர். முதலில் தாம்பரம் பக்கம் சேலையூரில் சின்ன அளவில் பாம்புப் பண்ணை போட்டார். 1972-ல் அது கிண்டிக்கு மாறியது. அடையாறிலிருந்து கிண்டி போகிற சர்தார் பட்டேல் சாலையில், சிறுவர் பூங்காவை ஒட்டி இருக்கும் அந்தப் பண்ணையைத் தெரியாத சென்னைக்காரர் உண்டா? மயிலாப்பூர், தி.நகர் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் நல்லபாம்பை முதன்முதலாகப் பார்த்ததே அங்கேதான்.

1970-களின் நடுவில் ரோமுலசைக் கல்யாணம் செய்துகொண்டு ஜையும் அந்த வேலையில் இறங்கினார். 1976-ல் வடநெம்மேலியில், கடற்கரை ஓரமாக முதலைப் பண்ணை பிறந்தது. அந்தச் சமயத்தில் நாட்டில் முதலைகள் அழிந்துபோகும் நிலைமை. தோலுக்காகச் சுட்டார்கள், முட்டைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். சில முதலைகளோடு தொடங்கிய இடம் பின்னால் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரிக்கவைத்தது. பண்ணையிலேயே குடித்தனம். அந்தக் குடித்தனத்தில் நடந்த கூத்துகளைத்தான் ‘கோப்ரா இன் மை கிச்சன்’ என்ற புத்தகத்தில் வேடிக்கையாக எழுதினார். சமையலறையில் நல்லபாம்பு என்று தலைப்பு! நம் வீடுகளில் கரப்பான் வந்தாலே தெருவைக் கூட்டுகிறோம்.

சோறு போட்ட பாம்பு

இனி இருளர் விவகாரத்துக்கு வருவோம். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

2021-ல் வந்த ‘ஜெய் பீம்’ படம் பார்த்தவர்களுக்கு இருளர் யார் என்று சொல்லத் தேவையில்லை. சென்னையைச் சுற்றிச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களில் இருக்கும் பழங்குடி மக்கள். வயலில் எலி வளை எது, பாம்பு புகுந்த வளை எது என்று மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மண்ணில் கோடு எப்படி விழுந்திருக்கிறது, போதும்! அது சாரையா விரியனா, எவ்வளவு நேரத்துக்கு முன்னால் போயிருக்கிறது என்று கணக்குச் சொல்வார்கள். போலீஸ் மோப்ப நாய் தோற்றது போங்கள்!

ஒரு காலத்தில் இந்தத் திறமை முழுவதும் தோல் வியாபாரத்துக்குத்தான் போனது. பாம்புத் தோல் பதனிட்டு ஏற்றுமதியாகும். வெளிநாட்டில் கைப்பை, செருப்பு, பெல்ட். லாபம் எல்லாம் வியாபாரிக்கு. பிடித்த இருளருக்கு ஒரு தோலுக்குச் சில்லறைக் காசு. அந்தக் காசிலும் 1972-ல் மண் விழுந்தது. வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை.

சட்டம் நல்ல சட்டம்தான். பாம்பு பிழைத்தது. ஆனால் பாம்பை நம்பிப் பிழைத்தவன்? நேற்று வரை செய்த தொழில் இன்றைக்குக் குற்றம்! தாத்தா, அப்பா சொல்லிக்கொடுத்த ஒரே வித்தையைச் செய்தால் கம்பி எண்ண வேண்டும். நிலமும் இல்லை, படிப்பும் இல்லை. சட்டம் போட்டவர்கள் இதற்கு வழி சொன்னதாகத் தெரியவில்லை.

வழி பிறந்தது 1978-ல். இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. ரோமுலசும் நண்பர்களும் இருளர்களோடு சேர்ந்து முயன்றதில் உருவான சங்கம். தோலை உரிக்காதே, விஷத்தை மட்டும் எடு, பாம்பைத் திரும்பக் காட்டில் விடு! இவ்வளவுதான் யோசனை. முதலைப் பண்ணை வளாகத்திலேயே விஷம் எடுக்கும் கூடம் அமைந்தது.

வேலை எப்படி நடக்கிறது? நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகை மட்டும் பிடிக்க அனுமதி. எத்தனை பாம்பு என்று வனத்துறை கணக்குக் கட்டி உத்தரவு கொடுக்கும். கொண்டு வந்த பாம்பை மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். வாரத்துக்கு ஒரு தடவை விஷம் எடுப்பார்கள். கண்ணாடிக் குப்பியின் வாயில் பாம்பு கடிக்க, மஞ்சளாகச் சில சொட்டு இறங்கும். மூன்று நாலு தடவை எடுத்ததும் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மறுபடி சிக்கினால் அடையாளம் காட்டிக்கொடுக்கும், உடனே விடுதலை!

விஷத்தை உறைய வைத்துத் தூளாக்கி மருந்து கம்பெனிக்கு விற்கிறார்கள். அங்கே குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து எடுப்பார்கள். பாம்புக்கடியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவருக்கு ஏற்றுவது அதைத்தான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் செத்ததாக 2020-ல் வெளியான ஆய்வு கணக்குச் சொன்னது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு பல காலமாக இந்தச் சங்கத்திலிருந்துதான் போயிருக்கிறது. தமிழ்நாட்டுப் பாம்பு விஷத்தில் செய்த மருந்து வடக்கே சில இடங்களில் சரியாக வேலை செய்வதில்லை என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அது தனிப் பிரச்சினை. அரசாங்க உத்தரவு தாமதமாகிற வருஷங்களில் பானைகள் காலி. இருளர் வீட்டு அடுப்பும் காலி.

கேலி செய்யப்பட்ட காளியின் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று இப்போது புரிகிறதா?

அந்தமானுக்கு ஓடிய பையன்

1998-ல் வெளிவந்தது இன்னொரு புத்தகம், ‘அந்தமான்ஸ் பாய்’. சுத்தமான சாகசக் கதை. அப்பா அம்மாவை இழந்த பம்பாய்ச் சிறுவன் ஆரிஃப், சொந்தக்காரர் வீட்டுக் கொடுமை தாங்காமல் ஓடுகிறான். எங்கே? அந்தமானுக்கு! அங்கே ஜாரவா என்ற ஆதிவாசிகளோடு காட்டில் வாழ்கிறான்.

இதற்கும் பின்னால் பயணம் உண்டு. அந்தமானில் உப்புநீர் முதலைகள் எத்தனை மிச்சம் என்று விட்டேக்கர் தம்பதி எடுத்த கணக்கு, 1978-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் வந்தது. முதலைக் கணக்கு என்றால் ஆபீஸ் கணக்கு அல்ல. ராத்திரியில் படகில், சதுப்புக் காட்டு ஓடைக்குள் போக வேண்டும். டார்ச் அடித்தால் இருட்டில் முதலையின் கண் தணல் மாதிரி மின்னும். மின்னுகிற கண்களை எண்ண வேண்டும்! கொசுக்கடி இலவசம்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேர் (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்) போகக் கப்பலில் இரண்டரை, மூன்று நாள். ஜாரவாக்கள் பல காலம் வெளியாட்களை அண்ட விடாமல் அம்பு எய்து விரட்டியவர்கள். 1997 கடைசியில்தான் தாங்களாகவே காட்டை விட்டு ஊர்ப்பக்கம் வர ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் இந்தப் புத்தகம்! நல்ல நேரப் பொருத்தம். அவர்கள் பகுதிக்குள் நுழைவது 1956 முதலே சட்டப்படி குற்றம். போய்ப் பார்க்க ஆசைப்படுகிற பயல்கள் புத்தகத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான். வீட்டை விட்டு ஓடி வருகிற பையன்களுக்குச் சென்ட்ரல் ஸ்டேஷனில் எப்படிப்பட்ட ஆசாமிகள் காத்திருக்கிறார்கள் என்பது ரயில்வே போலீசைக் கேட்டால் தெரியும். கதையில் ஓடலாம். நிஜத்தில் கஷ்டம் என்றால் 1098-க்குப் போன் போடுங்கள்.

சாரையும் நல்லபாம்பும்

காளி பிடித்தது எந்தப் பாம்பு என்பதிலும் விஷயம் இருக்கிறது. சாரைக்குச் சொட்டு விஷம் கிடையாது. எலியைத் தின்று விவசாயிக்கு உபகாரம் செய்யும். ஆனால் நம்ம ஊரில் அடிபட்டுச் சாகிற பாம்புகளில் அதற்குத்தான் முதலிடம் கொடுக்கலாம் போலிருக்கிறது. நீளமாக, வேகமாக ஓடுவதால் வந்த வினை. சாரைதான் ஆண், நல்லபாம்புதான் பெண், இரண்டும் சேரும் என்று மெத்தப் படித்தவர்களே அடித்துப் பேசுவார்கள். சுத்தப் பொய்! இரண்டும் வேறு வேறு இனம். ஒவ்வொன்றிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு.

அடையாறு, வேளச்சேரி, கோட்டூர்புரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் தடியைத் தேட வேண்டாம். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அது எங்கே போகிறது என்று தள்ளி நின்று பார்த்தபடி தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை ஆட்டாமல் அசைக்காமல் நேரே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நாட்டு மருந்துக்கு அலைந்த நேரத்தில்தான் பல உயிர் போகிறது.

புளோரிடாவில் நம்ம ஆட்கள்

காளியின் அப்பாக்களுக்குக் கடைசியில் மரியாதை கிடைத்ததா? கொஞ்சம் கிடைத்தது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017-ல் அமெரிக்காவுக்கு அழைத்தார்கள். புளோரிடா சதுப்பு நிலத்தில் பெருகித் தொல்லை கொடுத்த பர்மிய மலைப்பாம்பைப் பிடிக்க! அமெரிக்காவின் கருவிகளுக்கெல்லாம் டிமிக்கி கொடுத்த பாம்புகள் இவர்களிடம் வசமாகச் சிக்கின. முதல் இரண்டு வாரத்திலேயே பத்துக்கு மேல். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ! ரோமுலஸ் விட்டேக்கருக்கு அதே விருது 2018-ல் கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் தாண்டாதவர்கள் ராஷ்டிரபதி பவனில் விருது வாங்கியதை டி.வி.யில் எத்தனை காளிகள் பார்த்தார்களோ!

காளி கதை தமிழிலும் புத்தகமாகக் கிடைக்கிறது. கிண்டி பாம்புப் பண்ணைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை. விஷம் எடுப்பதைப் பார்க்க அங்கே தனி டிக்கெட்.