உதவித்தொகை கேட்டு வரும் பெண்ணுக்கு வீட்டில் அடி விழுகிறதா? கண்டுபிடிப்பது எப்படி? யாரிடம் சொல்வது?

"வீட்டுக்காரர் அடிக்கிறார்" என்று நேராக வந்து சொல்லும் பெண்கள் குறைவு. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18-49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். நாடு முழுக்கப் பார்த்தால், வன்முறைக்கு ஆளானவர்களில் 14 சதவீதம் பேர்தான் உதவி கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் அதே பெண் ரேஷன் கார்டுக்கு, அங்கன்வாடி சத்துமாவுக்கு, உதவித்தொகை மனுவுக்கு என்று ஏதாவது ஒரு அரசு அலுவலகத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார். கடலூர் மாவட்டம் குமராட்சியை எடுத்துக்கொள்வோம். மாவட்ட சமூக நல அலுவலகம் இருப்பது கடலூரில். சிதம்பரம் தாண்டிப் போக வேண்டும். "எங்க போற?" என்ற கேள்விக்கே பதில் சொல்ல முடியாதவர் அவ்வளவு தூரம் போவாரா? அதனால்தான் பக்கத்தில் இருக்கும் அங்கன்வாடியும் ஒன்றிய அலுவலகமும் முக்கியம்.

எதைக் கவனிக்கணும்?

* கேள்வி அவரிடம், பதில் மட்டும் கணவரிடமிருந்து
* ஆதார், பாஸ்புக், ஏடிஎம் கார்டு எதுவும் அவர் கையில் இல்லை
* அடிக்கடி காயம், ஒவ்வொரு முறையும் வேறு காரணம்
* "வீட்டு நம்பருக்கு போன் பண்ணாதீங்க" என்ற கெஞ்சல்

இதில் ஒன்று இருந்தாலே வன்முறை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல பாதுகாப்பா இருக்கீங்களா?" என்று கேட்கலாம். கணவரை வரவழைத்து அங்கேயே பஞ்சாயத்து பேசுவது மட்டும் வேண்டாம். வீட்டுக்குப் போனதும் அடி கூடும்.

அடி மட்டும்தான் வன்முறையா?

இல்லை. 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (2005) உடல், பாலியல், வார்த்தை மற்றும் மன ரீதியான, பொருளாதாரக் கொடுமைகளையும் சேர்க்கிறது. கூலியைப் பிடுங்கிக்கொள்வதும் இதில் வரும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லலாமா?

தாராளமாக. சட்டத்தின் 4-வது பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது.

அடுத்து என்ன நடக்கும்?

பாதுகாப்பு அலுவலர் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். மனு கொடுத்தால் வழக்கமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை. 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். பாதுகாப்பு, பணம், குழந்தைகளின் பொறுப்பு எல்லாவற்றுக்கும் உத்தரவு கேட்கலாம். வீடு கணவர் பெயரில் இருந்தாலும் அங்கே தங்கும் உரிமை உண்டு. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வக்கீலுக்குப் பணம்?

வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

இன்றைக்கே உதவி வேண்டுமா?

181-க்கு அழைக்கலாம். 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது. தங்க இடம் இல்லாதவர்களுக்கு மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாக 5 நாள் வரை இடம், மருத்துவ உதவி, ஆலோசனை கிடைக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

போனைக் கணவர் பார்ப்பார் என்றால், பேசி முடித்ததும் அந்த எண்ணை அழித்துவிடுங்கள்.