வெளிநாடு போறீங்களா? நகையை விட 'பத்திரம்' பத்திரம்!

ஆவடி:-

அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டர், பிட்டர், லேத் ஆபரேட்டர் என்று நாலைந்து வருஷம் கை பழகிய பிறகு துபாய், கத்தார், சவுதி, சிங்கப்பூர் என்று கிளம்புவது நம்ம பகுதியில் புது விஷயம் இல்லை. திருமுல்லைவாயல், பட்டாபிராம், திருவேற்காடு, மாங்காடு, பூந்தமல்லி என்று எங்கே போனாலும் 'பையன் வெளிநாட்டுல இருக்கான்' என்று சொல்லும் வீடு உண்டு.

கிளம்பும் போது எல்லோருக்கும் ஒரே கவலைதான். பீரோவில் இருக்கிற நகையை எங்கே வைப்பது? வீட்டு சாவியை யாரிடம் கொடுப்பது? கவலை நியாயம்தான். ஆனால் நகை திருடு போனால் மறுநாளே அக்கம்பக்கத்தில் தெரிந்து விடும். போலீசில் புகார் கொடுக்கலாம், திருடன் சிக்கினால் பாதியாவது மீளும். வீட்டு பத்திரத்தை வைத்து ஒருவன் மோசடி செய்தால் சத்தமே கேட்காது. 3 வருஷம் கழித்து லீவில் வந்து பார்க்கும் போதுதான், நம்ம மனையில் வேறு யாரோ காம்பவுண்டு சுவர் எழுப்பி இருப்பது தெரியும்.

அதனால் எதை எங்கே, எப்படி வைப்பது என்று பார்ப்போம்.

கோலம் இல்லாத வாசல்

முதலில் நகை. குடும்பத்தோடு போகிறவர்கள் வீட்டில் ஒரு குண்டுமணி தங்கம் கூட விட்டு வைக்கக்கூடாது. பூட்டிய வீட்டை கண்டுபிடிக்க திருடனுக்கு பெரிய மூளை வேண்டாம். காலையில் வாசலில் கோலம் இல்லை, கேட்டில் செருகிய நோட்டீசு அப்படியே இருக்கு, ராத்திரி லைட் எரியலை என்றால் போதும். உங்கள் ஏரியா போலீஸ் நிலையத்தில் 'வீடு பூட்டி இருக்கு, ரோந்து வரும் போது பார்த்துக்குங்க' என்று எழுதி கொடுத்து விட்டு போகலாம். 2022 ஜனவரி 1-ந்தேதி முதல் ஆவடிக்கு தனி போலீஸ் கமிஷனரகமே வந்து விட்டது. பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசலை பெருக்கி, மாலையில் ஒரு லைட் போட சொன்னால் அதுவும் ஒரு காவல்தான்.

நகைக்கு பேங்க் லாக்கர் நல்லது. ஆனால் லாக்கரில் வைத்து விட்டால் எல்லாம் பேங்க் பொறுப்பு என்று நினைக்காதீங்க. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் போட்ட விதிகள் 2022 ஜனவரி 1-ந்தேதி அமலுக்கு வந்தன. அதன்படி தீ விபத்து, திருட்டு, கட்டிடம் இடிவது, ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு ஏற்பட்டால், லாக்கரின் ஒரு வருஷ வாடகையைப் போல 100 மடங்கு வரைதான் பேங்க் பொறுப்பு. வாடகை ரூ.3 ஆயிரம் என்றால் அதிகபட்சம் ரூ.3 லட்சம். இன்றைக்கு பவுன் விற்கும் விலையில் அது எத்தனை பவுனுக்கு வரும் என்று நீங்களே கணக்கு போட்டுக்கொள்ளலாம். வெள்ளம், நிலநடுக்கம், மின்னல் மாதிரி இயற்கை சீற்றம் என்றால் அந்த பொறுப்பும் இல்லை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் முக்கியமாக கவனிக்க வேண்டியது வாடகை. 3 வருஷம் தொடர்ந்து வாடகை கட்டாவிட்டால் நோட்டீசு அனுப்பி விட்டு லாக்கரை உடைக்க பேங்குக்கு அதிகாரம் உண்டு. நோட்டீசு போவது பூட்டிய வீட்டுக்கு! வாடகை ஒழுங்காக கட்டி வந்தாலும், 7 வருஷம் லாக்கரை திறக்காமல் ஆளும் எங்கே என்று தெரியாமல் போனால் அப்போதும் திறக்கலாம். எனவே வாடகை கணக்கில் இருந்து தானாக போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு லீவுக்கும் ஒரு தடவையாவது திறந்து மூடுங்கள். மனைவி அல்லது அம்மா பெயரையும் சேர்த்து கூட்டு லாக்கராக எடுப்பது நல்லது. நாமினி பெயர் கட்டாயம் எழுதுங்கள்.

இந்த விதிகள் வந்ததே ஒரு தனி மனிதர் விடாமல் போராடியதால்தான். கொல்கத்தாவில் ஒருவர் வாடகை கட்டி இருந்தும் பாக்கி என்று சொல்லி 1994-ல் அவரது லாக்கரை பேங்கில் உடைத்து விட்டார்கள். உள்ளே இருந்தது 7 நகை, அவர் கைக்கு வந்தது 2 நகை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2021 பிப்ரவரியில் ரூ.5 லட்சம் இழப்பீடும், வழக்கு செலவாக ரூ.1 லட்சமும் கொடுக்க உத்தரவு வந்தது. 6 மாதத்துக்குள் லாக்கருக்கு முறையான விதிகள் போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கிக்கும் கோர்ட்டு சொன்னது.

நம்ம ஊரில் இன்னொரு பழக்கமும் இருக்கு. லாக்கர் கிடைக்காதவர்கள், நகையை கொஞ்ச பணத்துக்கு அடகு வைத்து விட்டு 'அங்கேயே பத்திரமா இருக்கட்டும்' என்று கிளம்பி விடுவார்கள். 2022 ஆகஸ்டு 13-ந்தேதி பக்கத்தில் அரும்பாக்கத்தில் ஒரு தனியார் நகைக்கடன் நிறுவனத்தில் பட்டப்பகலில் சுமார் 32 கிலோ தங்கத்தை கொள்ளை அடித்தார்கள். அதே நிறுவனத்தில் வேலை பார்த்தவரே அதில் முக்கிய குற்றவாளியாக சிக்கினார். சில நாளில் போலீசார் நகைகளை மீட்டு விட்டதால் அடகு வைத்தவர்களுக்கு உயிர் வந்தது. கொள்ளை தினமும் நடக்காதுதான். ஆனால் வட்டி கட்ட மறந்தால் ஏலம் நிச்சயம். அடகு சீட்டு யாரிடம் இருக்கு, வட்டி யார் கட்டுவது என்பதை பேசி முடித்து விட்டு போங்கள்.

மச்சான் கேட்கிற 'பவர்'

இனி பத்திரத்துக்கு வருவோம். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், பூந்தமல்லி பக்கம் வெளிநாட்டு சம்பளத்தில் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு என்று வாங்கி போட்டு விட்டு, முள்செடி வளர விட்டிருக்கும் மனைகள் ஏராளம். மோசடி கும்பலின் கண் முதலில் விழுவது இந்த மனைகள் மேல்தான்.

எப்படி நடக்கிறது? சர்வே நம்பரை வைத்து வில்லங்கச் சான்று போட்டு பார்த்தால் உரிமையாளர் பெயர், பத்திர எண் எல்லாம் தெரிந்து விடும். பத்திரத்தின் நகலுக்கும் மனு போடலாம். அடுத்து உங்கள் பெயரில் போலி அடையாள அட்டையோடு ஒரு 'டூப்ளிகேட்' ஆள் தயார். அவர் நீங்கள்தான் என்று சொல்லி ஒரு பவர் பத்திரம் எழுதி கொடுப்பார். இன்னும் சிலர் உரிமையாளர் செத்து போனதாக போலி இறப்பு சான்று, போலி வாரிசு சான்று வாங்கி விற்பார்கள். அதை வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பார். நீங்கள் அபுதாபியில் ஓவர்டைம் பார்த்துக் கொண்டிருக்கும் போது இங்கே உங்கள் மனை 3 கை மாறி இருக்கும்.

அசல் பத்திரம் உங்களிடம் இருந்தால் போலி ஆளுக்கு வேலை கஷ்டம். அசல் தொலைந்து விட்டது என்று சொல்ல வேண்டுமானால் போலீசில் புகார் கொடுத்து 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற சான்று வாங்க வேண்டும். அசலே அவன் கையில் சிக்கி விட்டால்? அதனால்தான் நகைக்கு முன்னால் பத்திரம் லாக்கருக்குள் போக வேண்டும்.

வெளி ஆளை விட சொந்தக்காரர்களிடம்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். 'மச்சான், நீ அங்க இருந்துக்கிட்டு எதுக்கு சிரமப்படுற, ஒரு பவர் எழுதி குடுத்துட்டு போ, நான் பாத்துக்கறேன்' என்பார்கள். பொது பவர் என்றால் விற்கவும், அடமானம் வைக்கவும் சேர்த்து அதிகாரம் கொடுத்து விடுகிறீர்கள் என்று அர்த்தம். வாடகை வாங்க, வரி கட்ட, கரண்டு கனெக்‌ஷன் வேலையை பார்க்க என்று இன்ன காரியத்துக்கு மட்டும் எழுதி கொடுத்தால் போதும். விற்கும் அதிகாரம் இல்லை என்று தெளிவாக ஒரு வரி போடச் சொல்லுங்கள். எழுதி கொடுத்த பவரை ரத்து செய்ய போனில் சொன்னால் போதாது. ரத்து பத்திரத்தையும் பதிவு செய்து, பவர் வாங்கியவருக்கும் நோட்டீசு அனுப்ப வேண்டும்.

ஏற்கனவே வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்திய தூதரகத்தில் போய் கையெழுத்து போட்டு சான்று பெற்று பவர் அனுப்பலாம். இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

வெற்று ஸ்டாம்பு பேப்பரிலும், வெற்று செக்கிலும் கையெழுத்து போட்டு வைத்து விட்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவசரத்துக்கு உதவும் என்பார்கள். உதவும்தான், யாருக்கு என்பதுதான் கேள்வி!

இதை விட மோசமானது, விசாவுக்கு பணம் புரட்ட வீட்டு பத்திரத்தையே பைனான்சில் கொடுத்து விட்டு போவது. பதிவு பெற்ற ஏஜெண்டு ஒரு ஆளுக்கு வாங்கக்கூடிய சேவை கட்டணம் ரூ.30 ஆயிரமும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டாலே சந்தேகப்படணும். கடன் கொடுப்பவர் 'பத்திரம் மட்டும் போதாது, ஒரு பவர் போட்டு கொடு', 'கிரய ஒப்பந்தம் எழுதி கொடு' என்று கேட்டால் அந்த பக்கமே போகாதீங்க. பவர் கையில் வந்து விட்டால் அவர் விற்றே விடலாம். அநியாய வட்டிக்கு எதிராக 2003-ல் கந்துவட்டி தடைச் சட்டம் வந்திருக்கு. ஆனால் கத்தாரில் இருந்து கொண்டு கேசு நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

இருக்கிற இடத்தில் இருந்தே காவல் காக்க ஒரு வழி உண்டு. பதிவுத்துறையின் 'டி.என்.ரெஜிநெட்' இணையதளத்தில் வில்லங்கச் சான்றை காசு இல்லாமல் பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே நம்பர் மூன்றும் தெரிந்தால் போதும். மாதம் ஒரு தடவை, சம்பளம் வந்த அன்றைக்கு பாருங்கள். உங்களுக்கு தெரியாத ஒரு பதிவு வந்திருந்தால் உடனே சார்பதிவாளருக்கும், போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கும் புகார் அனுப்புங்கள். ஆவடி கமிஷனரகத்தில் மத்திய குற்றப்பிரிவு போலீசார் நில மோசடி வழக்குகளை விசாரிக்கிறார்கள்.

உடனே என்பது முக்கியம். போலி பத்திரத்தை மாவட்ட பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-ல் 77-ஏ என்ற சட்டப்பிரிவு அமலுக்கு வந்தது. மக்களுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் 2024-ல் சென்னை ஐகோர்ட்டு அந்த பிரிவு செல்லாது என்று தீர்ப்பு சொல்லி விட்டது. அதற்கு பிறகு சிவில் கோர்ட்டு படி ஏற வேண்டியதுதான் என்றாகி விட்டது.

மனையில் கம்பி வேலி, பெயர்ப்பலகை, உள்ளூரில் ஒருவரின் போன் நம்பர் இவை இருக்கட்டும். பட்டா உங்கள் பெயருக்கு மாறி இருக்கிறதா என்று பாருங்கள். காலி மனை வரியை ஆவடி மாநகராட்சியோ, பூந்தமல்லி நகராட்சியோ, அம்பத்தூர் என்றால் சென்னை மாநகராட்சியோ, உங்கள் பெயரிலேயே கட்டி ரசீதை வையுங்கள். வழக்கு என்று வந்தால் இந்த ரசீதுகள் கை கொடுக்கும்.

பீரோவின் கீழ்த்தட்டு

திருடனை விட பெரிய எதிரி ஒன்று இருக்கு. தண்ணீர்! நம்மில் பலர் பத்திரம், மார்க் ஷீட், பிறப்பு சான்று எல்லாவற்றையும் ஒரே மஞ்சள் பையில் போட்டு பீரோவின் கீழ்த்தட்டில் வைப்போம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த பைகள்தான் முதலில் நனைந்தன. அப்போது டிசம்பர் 14-ந்தேதி முதல் சிறப்பு முகாம் போட்டு இலவசமாக நகல் சான்றுகள் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்த போது அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி பகுதிகளில் மறுபடியும் வீட்டுக்குள் தண்ணீர்.

லாக்கர் இல்லாதவர்கள் பிளாஸ்டிக் கவரில் போட்டு பரண் மேலேயோ, மாடி வீட்டு அண்ணன் வீட்டிலோ வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்க வேண்டாம். கிளம்பும் முன் ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்து மனைவிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். நகைகளையும் எடை, கடை பில்லோடு படம் எடுங்கள். ஆதார், டிரைவிங் லைசென்சு போன்றவற்றை அரசின் டிஜிலாக்கரில் ஏற்றி வைத்தால் நனையவும் நனையாது, தொலையவும் தொலையாது.

அதற்கு ஆதாரோடு சேர்ந்த போன் நம்பர் உயிரோடு இருக்கணும். இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். வெளிநாட்டு சிம் போட்டதும் ஊர் சிம்மை தூக்கி எறிந்து விடுவார்கள். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் அந்த நம்பரை நிறுத்தி, பிறகு வேறு ஒருவருக்கு கொடுத்து விடலாம். உங்கள் பேங்க் ஓ.டி.பி. யாரோ ஒருவருக்கு போய் சேரும். ஊர் நம்பருக்கு தவறாமல் ரீசார்ஜ் செய்யுங்கள். இல்லையென்றால் வீட்டில் நம்பிக்கையான ஒருவரின் போனில் போட்டு வையுங்கள்.

முதலாளி கையில் பாஸ்போர்ட்

அங்கே போய் சேர்ந்ததும் பாஸ்போர்ட்டை கம்பெனி வாங்கி வைத்துக் கொள்வது வளைகுடாவில் பழைய வழக்கம். 1990-ல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்த போது சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் இந்தியர்களை ஜோர்டான் வழியாக விமானத்தில் அழைத்து வந்தார்கள். அதில் பலருக்கு கையில் பாஸ்போர்ட்டே இல்லை.

இந்திய சட்டப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. 1967-ம் வருஷ பாஸ்போர்ட் சட்டத்திலேயே அப்படி இருக்கு. அதை பிடித்து வைக்க எந்த முதலாளிக்கும், எந்த ஏஜெண்டுக்கும் உரிமை இல்லை. கத்தாரில் 2015-ல் வந்த சட்டப்படி, விசா வேலை முடிந்ததும் பாஸ்போர்ட்டை தொழிலாளியிடம் திருப்பி கொடுக்க வேண்டும். மீறினால் 25 ஆயிரம் ரியால் வரை அபராதம். திருப்பி தராவிட்டால் இந்திய தூதரகத்தில் புகார் செய்யலாம். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

ஏஜெண்டு அசல் ஐ.டி.ஐ. சான்று, மார்க் ஷீட் கேட்டால் எதை எதை கொடுத்தோம் என்று எழுதி கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். சான்றொப்பம் முடிந்ததும் அசலை வாங்கி விட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

பாஸ்போர்ட் தொலைந்தே போனால் முதலில் அந்த ஊர் போலீசில் புகார், பிறகு அந்த புகார் நகலோடு தூதரகம். புது பாஸ்போர்ட்டுக்கு அங்கேயே மனு போடலாம். அவசரமாக ஊர் திரும்ப வேண்டும் என்றால் அவசர சான்று ஒன்று தருவார்கள். அது ஒரு தடவை இந்தியா வருவதற்கு மட்டும்தான் செல்லும். பழைய பாஸ்போர்ட்டின் நகல் கையில் இருந்தால் இந்த வேலை சீக்கிரம் முடியும். முதல் பக்கம், கடைசி பக்கம், விசா பக்கம் மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை சூட்கேசிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். ஊர் வந்த பிறகு புது பாஸ்போர்ட் வாங்க நம்ம பகுதிக்காரர்களுக்கு அமைந்தகரை பாஸ்போர்ட் சேவை மையம் பக்கம்.