பழைய கணனியே போதும், சகோதரி!

வீட்டிலிருந்தே இணையத்தளம் வடிவமைக்கப் பழகும் யுவதிகளை எனது சமூகப் பணியில் அடிக்கடி சந்திக்கின்றேன். "விண்டோஸ் 10 முடிஞ்சுதாம். புதுக் கணனி வாங்கக் கடன் எடுக்கட்டோ அக்கா?" என்பதே பலரது கேள்வி. வட்டிக் கடனால் நொந்த குடும்பங்களைக் கண்டவள் என்பதால் சொல்கின்றேன்: அவசரப்படாதீர்கள்.

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நின்றது உண்மையே. பாதுகாப்புப் புதுப்பித்தல் இல்லாத கணனியில் வேலை செய்வதும் ஆபத்தே. ஆயினும் கணனியை அப்படியே வைத்துக்கொண்டு பணிசெயல் முறைமையை மட்டும் மாற்றலாம். லினக்ஸ் மின்ட், உபுண்டு என்பன இலவசம். 4 ஜிபி நினைவகமுள்ள பழைய கணனிக்கு லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு பொருத்தமானது. யூஎஸ்பி பென்னில் ஏற்றி, நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். நிறுவுமுன் உங்கள் கோப்புகளைப் பிரதியெடுத்து வையுங்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. இணைய வழங்கிகளில் பெரும்பாலானவை லினக்ஸிலேயே இயங்குகின்றன. கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் விண்டோஸ் படத்தைக் காட்டிவிடும். வழங்கியில் அது தெரியாது போகும். லினக்ஸில் பழகினால் அந்தப் பிழை வீட்டிலேயே பிடிபடும்.

விஷுவல் ஸ்டூடியோ கோட், பயர்பொக்ஸ், கிட் மூன்றும் இலவசக் கருவிகள். தமிழை யூனிகோடில் தட்டுங்கள். பாமினியில் தட்டினால், அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் வெறும் ஆங்கில எழுத்துகளே தெரியும்.

போட்டோஷொப் கட்டாயமான வேலையென்றால் மட்டும் விண்டோஸ் 11 பற்றி யோசியுங்கள். மற்றவர்கள் முதலில் உழையுங்கள். அந்த உழைப்பிலிருந்தே புதுக் கணனி வாங்கிக்கொள்ளலாம்.